திங்களூர்த் தண்ணீர்ப்பந்தல்



நேற்றைய பிரசங்கம் முடிந்து நான் மேடையினின்று இறங்குகையில், முதிய அன்பர் ஒருவர் அருகில் வந்து, "சுவாமி, பிள்ளைகள் ஆளுக்கொரு தேசத்தில் இருக்கிறார்கள், இந்த வாட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் இல்லாவிட்டால் உறவே அற்றுப்போகும் போலிருக்கிறதே, மெய்தானா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கே இன்றைய பொழுதை அர்ப்பணிக்கிறேன்.

திருவையாற்றுக்கு அணித்தாயுள்ள திங்களூரில் வாழ்ந்த அப்பூதியடிகள், திருநாவுக்கரசரின் பெருமையைக் காதால் கேட்டதேயன்றி அவரைக் கண்ணால் கண்டாரல்லர். ஆயினும், தாம் பெற்ற மக்களுக்கும், தொழுவத்துப் பசுக்களுக்கும், வீட்டிலிருந்த அளவைகளுக்குங்கூட அவர் திருநாமத்தையே இட்டு, வழிப்போக்கர் வெயிலில் வாடாதிருக்கத் தாம் அமைத்த தண்ணீர்ப்பந்தலிலும் அந்நாமத்தையே எழுதி வைத்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. ஒருநாள் அவ்வழியே வந்த நாவரசர், பந்தலில் தம் பெயரைக் கண்டு வியந்து, அடிகளின் இல்லத்தை அடைந்து, உம்முடைய பெயரை எழுதாமல் வேறொரு பெயரை எழுதியது ஏனென்று வினவ, தம் ஆசானின் பெருமை அறியாத இவர் யாரோ என்று அடிகளுக்குச் சினமே மூண்டுவிட்டது! எதிரில் நிற்பவர் அவரே என்பது தெரியவில்லை. முகம் அறியாத அந்த அன்பர், அகத்தை அவ்வளவு அறிந்திருந்தார். நாமோ, தினந்தோறும் காலையில் நூறு முகங்களைத் திரையில் பார்க்கிறோம். அவர்களுள் ஒருவர் பெயரால் ஒரு குவளைத் தண்ணீராவது யாருக்கேனும் கொடுத்திருக்கிறோமா?

அப்படியாயின் கருவியே வேண்டாமா என்றால், அவ்வாறு சொல்லேன். அசோகவனத்தில் இருந்த பிராட்டிக்குக் கணையாழி கொண்டுசெல்ல ஒரு தூதன் வேண்டியிருந்தது. தன்மேல் ஊரும் பூச்சியைத் தட்டிவிடும் உணர்வும் இல்லாதபடி இராமபிரான் உன்னையே எண்ணியிருக்கிறான் என்று அனுமன் சொன்னதாக வால்மீகி முனிவர் பாடுகிறார். தூதன் செய்தியைச் சுமந்தான், ஏங்கியவனோ இராமன். சாதனத்தின் எல்லை அவ்வளவே. 1879இல் காலணா அஞ்சலட்டை வந்தது. 1950இல் உள்நாட்டுக் கடிதம் வந்தது. 2013இல் தந்தி விடைபெற்றது. தூதர்கள் மாறிக்கொண்டேயிருப்பார்கள். சுமக்கும் வேலையை அவர்களிடம் ஒப்படைக்கலாம். நமக்காக நினைக்கும் வேலையை ஒருபோதும் ஒப்படைக்கலாகாது.

இதை நான் கற்றது சாஸ்திரத்தினால் அன்று, ஓர் அபராதத்தினால். சென்ற ஆண்டு, என்னுடன் பாடசாலையில் பயின்ற நண்பர் சிவபதம் அடைந்த செய்தி கைப்பேசிக் குழுவில் வந்தது. எல்லோரும் கூப்பிய கைகளின் சின்னத்தை இட்டிருந்தார்கள். பிரயாணத்தில் இருந்த நானும் இட்டேன். திரையில் இரண்டு கைகள் குவிந்தன. என் கைகள் குவியவில்லை. துக்கம் கேட்டாயிற்று என்ற திருப்தியோடு அடுத்த செய்திக்குப் போய்விட்டேன். பதினாறாம் நாள் சென்றபின், ஒரு மாலையில் அவ்வூர் வழியே போகும் சந்தர்ப்பம் வாய்த்து அவர் இல்லத்தில் நுழைந்தபோது, அவருடைய தர்மபத்தினியார் பித்தளை டம்ளரில் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "உங்களுக்குத் தகவல் எட்டவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றார். தகவல் எட்டியிருந்தது, அன்பர்களே; எட்டாதவன் நான்தான். அந்த மோரை நான் குடித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

ஆகவே, கேள்வி கேட்ட பெரியவருக்கு நான் விண்ணப்பித்துக்கொள்வது இதுதான். பேரக்குழந்தையின் முகத்தைத் திரையில் காணுங்கள். அது ஈசுவரன் இக்காலத்துக்குத் தந்த பிரசாதம். ஆனால் கருவியைக் கையில் எடுக்குமுன், கண்ணை மூடி அக்குழந்தையை ஒரு கணம் நெஞ்சில் எடுங்கள். கருவியைக் கீழே வைத்தபின், அக்குழந்தையின் பெயரால் ஒரு காரியம் செய்யுங்கள். சித்திரை வெயில் கொளுத்துகிறது; வீட்டு வாசலில் ஒரு மண்பானைத் தண்ணீர் வைத்து, அதன்மேல் அப்பெயரை எழுதி வையுங்கள். வழிப்போக்கன் எவனேனும் தாகம் தீரக் குடித்துவிட்டு, இது யார் பெயர் என்று உங்களைக் கேட்கட்டும்.