சின்னத்துக்குப் போட்ட ஓட்டு

ஸ்ரீரங்கத்தில் "யாருக்கு ஓட்டுப் போட்டீங்க?" என்று கேட்டால் பெரும்பாலும் வேட்பாளர் பேர் வராது. "இலைக்கு", "சூரியனுக்கு" என்றுதான் பதில் வரும். இதை அறியாமை என்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு வேட்பாளரின் மனசைப் படிக்க நம்மால் முடியாது. ஒரு கட்சி இதுவரை யார் பக்கம் நின்றது என்பது தெரியும். சின்னம் அந்த நினைவின் சுருக்கம்.

அப்போ, சின்னத்தில் ஜெயித்தவர் யாருக்குக் கடமைப்பட்டவர்? ஓட்டுப் போட்ட எனக்கா, சின்னம் கொடுத்த தலைமைக்கா?

1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம், கட்சிக்கு என்று பதில் சொன்னது. காரணம் இல்லாமல் இல்லை. 1967இல் ஹரியானாவில் கயா லால் சில நாட்களுக்குள் மூன்று முறை கட்சி மாறினார். என் ஓட்டை வாங்கி இன்னொருவரிடம் விற்பவரைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் சட்டம் விற்றவரோடு நிற்கவில்லை. கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலே பதவி போகலாம். காசு வாங்கி மாறியவரும், மனசாட்சிப்படி மறுத்தவரும் அதற்கு ஒன்றுதான்.

2017இல் முதலமைச்சருக்கு ஆதரவில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த அதிமுக எம்.எல்.ஏ.க்களில் 18 பேர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களின் நோக்கம் நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். 2019 இடைத்தேர்தல் வரை அந்தத் தொகுதிகளுக்கு எம்.எல்.ஏ. இல்லை. திருச்சிக்குப் பக்கத்துத் தஞ்சாவூரும் அதில் ஒன்று. சண்டை கட்சிக்குள்ளே, தண்டனை ஊருக்கு. பிரிட்டனில் 2019இல் பிரெக்சிட் விஷயத்தில் எதிர்த்து ஓட்டுப் போட்ட 21 எம்.பி.க்களை போரிஸ் ஜான்சன் கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து நீக்கினார். எம்.பி. பதவியில் அவரால் கைவைக்க முடியவில்லை.

கட்சி உறுப்பினரிடம் இவ்வளவு விசுவாசம் கேட்கிறது, சரி. கட்சியே வழி மாறினால் அதைக் கேட்பது யார்? உறுப்பினர்கள்தான் கேட்க வேண்டும். அதற்கு உதாரணம் தேடி வெளிநாட்டுக்குப் போக வேண்டாம், திருச்சியே போதும்.

1949இல் தொடங்கிய திமுக 1952 தேர்தலில் போட்டியிடவில்லை. அடுத்த தேர்தலில் நிற்கலாமா என்ற கேள்வி, 1956 மே மாதம் திருச்சியில் நடந்த மாநில மாநாட்டில் கூடியவர்களிடமே ஓட்டுக்கு விடப்பட்டது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நிற்கலாம் என்றார்கள். சில ஆயிரம் பேர் வேண்டாம் என்றார்கள். அடுத்த வருஷமே கருணாநிதி பக்கத்துக் குளித்தலையில் ஜெயித்து சட்டமன்றம் போனார்.

கூட்டத்தின் மனசு அண்ணாவுக்கு முன்பே தெரிந்திருக்கலாம். இருந்தாலும் கேட்டார்கள், எண்ணினார்கள். எனக்கு முக்கியம் அந்தச் சில ஆயிரம் 'வேண்டாம்'. தோற்ற கருத்துக்கும் ஒரு எண்ணிக்கை கிடைத்தது. அது துரோகம் ஆகவில்லை.

2014 செப்டம்பரில் வந்த தீர்ப்பால் ஜெயலலிதா பதவி இழந்தார். அவர் தொகுதியான ஸ்ரீரங்கத்தில் 2015 பிப்ரவரியில் இடைத்தேர்தல் நடந்தது. வேட்பாளர்களைத் தலைமைகள் அறிவித்தன. இங்கே கொடி கட்டியவர்களுக்கும், பூத்தில் நாள் முழுக்க உட்கார்ந்தவர்களுக்கும் யாரும் பெட்டி வைக்கவில்லை. அதில் யாருக்கும் ஆச்சரியமும் இல்லை.

1967க்குப் பிறகு தமிழ்நாட்டில் ஆட்சிகளை மாற்றி மாற்றி இறக்கியிருக்கிறோம். கட்சிகளுக்கு இடையே போட்டி நிஜம். கட்சிகளுக்கு உள்ளேதான் அது இல்லை. ஜனநாயகத்தின் பலத்தைக் கட்சிகளின் எண்ணிக்கையை வைத்து அளப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு இதுதான் காரணம். இரண்டு கட்சியோ இருபது கட்சியோ, உள்ளே 'வேண்டாம்' என்று சொல்ல வழியில்லை என்றால் நமக்கு மிச்சம் இருப்பது எந்தத் தலைமை என்ற தேர்வு மட்டும்தான்.

தகுதி நீக்கத்தை நம்பிக்கை வாக்கெடுப்பு போன்ற சிலவற்றோடு நிறுத்தச் சொல்லி 1990லேயே தினேஷ் கோஸ்வாமி குழு பரிந்துரைத்தது. அது நடந்தால் பாதி தூரம். மீதியைச் சட்டம் தராது. கட்சிக்காரர்கள் தங்கள் கட்சியிடம் கேட்டு வாங்க வேண்டியது அது: 1956இல் வைத்த பெட்டியை இப்போ ஏன் வைக்க மாட்டேங்கறீங்க?