சேர்த்ததைக் கலைக்கலாமா?

ஒருவர் வாழ்நாளெல்லாம் தேடித் தேடிச் சேர்த்த கலைப்பொருள்களை அவருடைய மறைவுக்குப் பின் ஏலத்தில் விடுவது முறைதானா? விற்கும் உரிமை வாரிசுகளுக்கு உண்டா என்பது சட்டத்தின் கேள்வி. அதற்கு விடை எளிது. நம் கேள்வி வேறு. ஒரு மனிதர் தம் பார்வையாலும் பொறுமையாலும் ஒன்றாக்கியதை நாம் ஒரே நாளில் நூறு கைகளுக்குச் சிதறடிக்கலாமா? ஜப்பானிய வாளின் அணிகளை முன்வைத்து இதை எண்ணிப் பார்ப்போம். சேர்தலையும் பிரிதலையும் அவற்றைப்போல் அறிந்த பொருள்கள் சிலவே.

சாமுராயின் வாளில் அலகுக்கும் பிடிக்கும் இடையே கையைக் காக்கும் தட்டு ஒன்று உண்டு. அதனை 'ட்சுபா' என்பர். அதன் குறுக்களவு பெரும்பாலும் 6 முதல் 8 சென்டிமீட்டர், உள்ளங்கையில் அடங்கிவிடும். பிடியைச் சுற்றிய நாடாவின் அடியில் இருபுறமும் பதிந்திருக்கும் சிற்றுருவங்கள் 'மெனுகி'. பிடியின் இரு முனைகளிலும் உள்ள பூண்கள் 'ஃபுச்சி', 'கஷிரா'. இந்தச் சின்னஞ்சிறு பரப்பில் நாரையும் நண்டும் அலையும் நிலவும் செதுக்கப்பட்டிருக்கும் நேர்த்தியைக் காணும்போது, கொலைக் கருவிக்கு இத்தனை அழகா என்ற உறுத்தல் நமக்கு எழாமல் இல்லை. ஆனால் தோக்குகாவா ஆட்சியின் இரண்டரை நூற்றாண்டு அமைதியில் பெரும்பாலான வாள்கள் உறையைவிட்டு வெளிவந்ததே அரிது. அவை தகுதியின் அடையாளமாக இடையில் கிடந்தன. அணிகள் ஏறக்குறைய உடையின் பகுதியாகிவிட்டன. உறுத்தல் இதனால் தீர்ந்துவிடாது என்பதையும் ஒப்புக்கொள்வோம்.

1876ஆம் ஆண்டு மெய்ஜி அரசு, படையினர், காவலர் போன்றோர் தவிர மற்றவர் பொது இடங்களில் வாள் அணிவதைத் தடை செய்தது. பதினைந்தாம் நூற்றாண்டின் கோத்தோ யூஜோ முதல் பதினேழு தலைமுறைகளாக அணி செய்துவந்த கோத்தோ குடும்பத்தின் தொழிலுக்கே பொருளற்றுப் போயிற்று. மாபெரும் கைவினைஞரான கானோ நட்சுவோ (1828-1898), ஏற்கெனவே ஒசாக்கா நாணயச் சாலைக்காகப் புதிய காசுகளுக்கு வடிவம் தரும் பணியில் தம் உளியைத் திருப்பியிருந்தார். வாள்களிலிருந்து அணிகள் கழற்றப்பட்டுக் கப்பலேறின. ஐரோப்பியச் சேகரிப்பாளரின் இழுப்பறைகளில் வந்து சேர்ந்தவை பெரும்பாலும் தம் வாளை இழந்த அணிகளே. அவர் சேர்த்தார் என்பது உண்மை. பிரிந்தவற்றைத்தான் சேர்த்தார் என்பதும் உண்மை.

பாரிஸ் நகரில் வாழ்ந்த இருவரை இங்கே நினைவுகூர்வோம். ஜப்பானியக் கலையில் தோய்ந்த எழுத்தாளர் எட்மோன் தெ கோன்கூர் 1896இல் இறந்தார். தம் பொருள்கள் அருங்காட்சியகத்தின் குளிர்ந்த கூடத்தில் கருத்தற்றவர் கண்முன் கிடக்க வேண்டாம், அவை ஏலத்தில் கலைந்து தம்மைப் போன்ற சுவைஞர்களுக்கு மீண்டும் மகிழ்ச்சி தரட்டும் என்பது அவர் உயிலின் கருத்து. 1897இல் அவ்வாறே விற்றார்கள். (அத்தொகை ஓர் இலக்கியக் கழகத்துக்குத் தேவைப்பட்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை, 1903 முதல் வழங்கப்படும் கோன்கூர் பரிசு அதன் கனி.) மற்றவர் ஜப்பானிய வணிகர் ஹயாஷி தடமாசா. அவர் 1894இல் ட்சுபாத் தொகுப்பு ஒன்றை லூவர் அருங்காட்சியகத்துக்குக் கொடையளித்தார். 1902, 1903 ஆண்டுகளில் தம் கலைச்செல்வத்தின் பெரும்பகுதியை ஏலமும் விட்டார். ஒரே மனிதர் இரு வழியிலும் நடந்திருக்கிறார்.

நம் மனம் கோன்கூரின் பக்கமே சாய்கிறது. அருங்காட்சியகம் காக்கும், ஆயினும் கையில் ஏந்திப் பார்க்கவென்று பிறந்த பொருளைக் கண்ணாடிக்குள் வைத்தே காக்கும். ஏலத்தில் சிதறியது அழிந்துவிடுவதும் இல்லை. மான்செஸ்டரின் பெஹ்ரன்ஸ் சேர்த்தவை 1913-14இல் இலண்டனில் விலைபோயின. ஆன்ரி ஜோலி அவற்றுக்காக எழுதிய பட்டியல் இன்றும் அறிஞர் மேசையில் இருக்கிறது.

ஆனால் சேகரிப்பாளர் சேர்த்ததைப் பிரிப்பது ஒன்று, செய்தவர் சேர்த்ததைப் பிரிப்பது மற்றொன்று. நெடுவாளுக்கும் குறுவாளுக்குமாக ஒரே கையால் இணையாகச் செய்யப்பட்ட ட்சுபாக்கள் உண்டு. பெரியதில் ஒரு காட்சி தொடங்கும், சிறியதில் முடியும். வாரிசுகள் 'நினைவுக்கு ஒன்று' என்று அண்ணனும் தம்பியும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்ளும்போது அந்த இணை முறிகிறது. அன்பினால் செய்யும் பங்கீடுதான். ஆயினும் செய்தவருக்கு இழைக்கும் அநீதி. சம்மட்டி தட்டி விற்கும் ஏலக்காரர் இங்கே உறவினரைவிட நல்லவராகிறார். இணையை ஒரே எண்ணில் விற்கலாம். வரும் பணத்தை எத்தனை கூறாக்கினாலும் அதற்கு நோவதில்லை.

இன்னொன்று உண்மையைப் பற்றியது. புகழ்பெற்றோர் பெயரைப் பொய்யாகப் பொறிக்கும் வழக்கம் இத்தொழிலில் மிகப் பழையது. தொடக்ககாலக் கோத்தோக்கள் தம் பெயரைப் பொறிப்பது அரிது. 'இது இன்னார் செய்தது' என்று வழித்தோன்றல்களே பின்னாளில் சான்று எழுதினார்கள். ஆகவே ஐயம் என்பது இப்பொருள்களோடு உடன்பிறந்தது. தந்தையார் ஒரு பொருளை ஐயத்தோடுதான் வைத்திருந்தார் என்று மகனுக்குத் தெரிந்தால், அவன் அதைச் சொல்ல வேண்டுமா? வாங்குபவருக்கு இழப்பு விளைக்கும் மறைவான குறையை விற்பவர் சொல்லியே தீர வேண்டும் என்கிறார் புனித தாமஸ் அக்குவினாஸ். வெளிப்படையான குறையானால், விலையை அதற்கேற்பக் குறைத்தவர் வாய் திறக்கக் கடமைப்பட்டவர் அல்லர் என்றும் வரையறுக்கிறார். பொய்ப் பொறிப்பு மறைவான குறையன்றோ? ஏலமனையின் வல்லுநர் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடுவது கடமையைக் கைமாற்றுவதே.

நம் நெஞ்சைத் தொடும் ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. சிலுவை வடிவம் குடைந்த ட்சுபா ஒன்றைக் காண்கிறோம். 1614இன் தடைக்குப் பின் மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர் ஒருவர் இடையில் அது இருந்தது என்று எண்ண எவ்வளவு ஆசை! அந்த ஆசைக்கு விலையும் உண்டு என்பதை விற்பவர் அறிவார். ஆனால் சத்சுமாவை ஆண்ட ஷிமாசு குடியின் சின்னமே வட்டத்துள் சிலுவைதான்; அதற்கும் நம் மறைக்கும் தொடர்பில்லை. வேறு சான்று இல்லாதபோது 'மறைந்த கிறிஸ்தவர் வாளணி' என்று பட்டியலில் எழுதுவது, மறைசாட்சிகளின் குருதியைக் காசாக்குவதாகும்.

விற்கப் புறப்படுவோர் நல்லெண்ணத்தாலேயே செய்யும் கேடு ஒன்றுண்டு. செம்பில் சிறிதளவு பொன் கலந்து, செப்பு உப்புக் கரைசலில் காய்ச்சி எடுக்கும் 'ஷகுடோ' என்னும் உலோகம் நீலம் பாய்ந்த கருமையில் மிளிரும். அந்தக் கருமையை அழுக்கென்று கருதி, நாம் குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்குவதுபோல் துலக்கிவிட்டால், கைவினைஞர் தந்த நிறம் சில நிமிடங்களில் போய்விடும். வெறும் செம்பு பளபளக்கும். பழைய மரப்பெட்டிகளையும் இடத்தை அடைப்பவை என்று எறிந்துவிடுகிறார்கள். அப்பெட்டி மூடியின் உட்புறத்தில் முன்னொருவர் மையால் எழுதிய வரிகள் இருக்கக்கூடும்: செய்தவர் யார், பார்த்துத் தேர்ந்தவர் யார், எந்த ஆண்டு. பெட்டியும் பொருளோடு போகட்டும்.