கொத்தமல்லிக்குத் தடை!

புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு பஸ்ஸில் வந்திருக்கிறீர்களா? எல்லையில் போலீஸ்காரர் ஏறி பைகளைத் தடவிப் பார்ப்பார். பாட்டில் இருக்கிறதா என்று! பக்கத்து சீட்காரர் முகம் வெளுத்தால் நமக்குச் சிரிப்பு வரும்.

ஒரு காலத்தில் அந்தச் சாலையில் தேடியது பாட்டிலை மட்டும் அல்ல. பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த புதுச்சேரியைச் சுற்றி, 1949-ல் இந்தியா சுங்க வேலி போட்டது. புதுச்சேரியோ ஒரே துண்டு நிலம் அல்ல. நம் ஊருக்கு நடுவே அவர்கள் ஊர், அதைத் தாண்டினால் மறுபடி நம் ஊர். மாமியார் வீடு பிரான்ஸில், வயல் இந்தியாவில் என்கிற கதைதான்!

1954-ல் பிடி இறுகியது. ஆள் போகவும் பெர்மிட், சரக்குக்கும் கெடுபிடி. அக்டோபர் 18-ல் கீழூரில் வாக்கெடுப்பு. 178 பேரில் 170 பேர் இந்தியா பக்கம். நவம்பர் 1-ல் நிர்வாகம் நம் கைக்கு வந்தது.

நல்ல முடிவு. சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. நல்ல காரியத்துக்கே ஆனாலும், ஒரு ஊருக்குப் போகும் சரக்கை மறிக்கலாமா? வேலி போட்டால் கவர்னர் வீட்டு அடுப்பா அணையும்? கூடை சுமந்து போய் விற்று வந்தவர் வீட்டில்தான் முதலில் அணையும்.

இந்தக் கேள்வியோடுதான் பாலஸ்தீன வியாபாரி தினமும் கண் விழிக்கிறார்.

நாப்ளஸ் நகரில் ஒருவர் ஆலிவ் எண்ணெய் சோப்பு செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு ஆர்டர் கையில். துறைமுகம்? சொந்தமாகக் கிடையாது. இஸ்ரேலின் ஹைஃபாவோ, அஷ்தோதோதான் கதி. சாவடியில் தன் லாரியிலிருந்து மொத்தத்தையும் இறக்கி, சோதனை முடிந்து, அந்தப் பக்கம் நிற்கும் இஸ்ரேல் லாரியில் ஏற்ற வேண்டும். இரண்டு லாரி வாடகை, இரண்டு தடவை ஏற்றுக்கூலி. சாவடியை மூடிவிட்டால் கப்பல் காத்திருக்காது. இறக்குமதி என்றாலோ, துறைமுகத்தில் கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் டெமரேஜ் ஏறும்.

சுங்க வரியும் இஸ்ரேல் வசூல்தான். 1994 பாரிஸ் ஒப்பந்தப்படி 3 சதவீதம் எடுத்துக்கொண்டு மீதியைப் பாலஸ்தீன நிர்வாகத்துக்குத் தர வேண்டும். மனஸ்தாபம் வந்தால் அதுவும் நின்றுவிடும். பலமுறை நின்றிருக்கிறது.

இதில் அவருக்கு நஷ்டம் பணம் மட்டுமா? பி.காம். புத்தகத்தில் மூலதனம் என்றால் ரூபாய். கடைத்தெருவில் மூலதனம் என்றால் சொன்ன தேதி. நாணயமான மனுஷனை, அவர் தப்பே செய்யாமல், வாக்குத் தவறியவராக்கிவிடுகிறது அந்தச் சாவடி. இதற்கு எந்தக் கணக்கில் பற்று எழுதுவது?

“ஆயுதம் உள்ளே போய்விடுமே?” என்று கேட்பீர்கள். நியாயமான பயம். ஆயுதக் கடத்தல் நடந்திருக்கிறது. அதற்குச் சோதனை போடட்டும். ஆனால் 2007-ல் தொடங்கிய காஸா முற்றுகையில், 2010 வரை உள்ளே விடாத பொருள்களில் ஒன்று என்ன தெரியுமா? கொத்தமல்லி! நம் வீட்டு ரசத்தில் போடும் அதே கொத்தமல்லி. 2008-ல் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,279 கலோரி என்று இஸ்ரேல் அதிகாரிகள் கணக்குப் போட்டார்கள். 2012-ல் கோர்ட் உத்தரவால் அது வெளியே வந்தது. ‘அமல்படுத்தவே இல்லை’ என்றார்கள். இருக்கட்டும். அடுத்தவர் தட்டில் எவ்வளவு விழலாம் என்று கணக்குப் பார்க்க உட்கார்ந்ததே போதாதா? 2025 மார்ச் 2 முதல் சுமார் 11 வாரம், உணவு, மருந்து, எரிபொருள் எதுவுமே உள்ளே போகவில்லை.

கடலூர்க்காரர்களுக்கு ஒரு பழைய கதை தெரியும். 1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கிய ஆங்கிலேயர்கள், பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம் வரை தங்கள் எல்லை என்றார்கள். ‘குண்டு கிராமங்கள்’ என்றே பெயர் வந்தது. பீரங்கி இருந்தால் கோடு போடலாம். கோடு போட முடிந்ததாலேயே அது நியாயமாகிவிடுமா?

என் கணக்கு இவ்வளவுதான். ஒரு ஊரின் ஒரே வாசலுக்குச் சாவி வைத்திருப்பவன், அந்த ஊரின் பசிக்கும் பொறுப்பாளி. எதைத் தடுக்கிறான், ஏன் தடுக்கிறான், எத்தனை நாள் தடுக்கிறான் என்று மூன்றையும் எழுதிக் காட்ட வேண்டும். மறுத்துப் பேச உள்ளே இருப்பவனுக்கு ஓர் இடம் வேண்டும். இது இல்லாத சோதனைக்குப் பாதுகாப்பு என்று பேர் வைக்க முடியாது. தண்டனை என்றுதான் சொல்ல வேண்டும்.

நமக்குப் பிடித்த தேசம் வேலி போட்டாலும் இதையே சொல்வோமா? 1954-ஐ நினைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.