கதவடைத்த தாயார்

திருச்சி அரியமங்கலத்தில் அம்பிகாபுரம் பக்கம் ஒரு வீடு. முன்னறையில் தையல் மிஷின். அதன் பலகைமேல் தைக்க வந்த ஜாக்கெட் துணிகள், அவற்றுக்கு அடியில் ரமணிசந்திரன் நாவல் ஒன்று. அட்டை எப்போதோ போய்விட்டதால் காலண்டர் தாளை மடித்து ஒட்டியிருக்கிறார்கள். முதல் பக்கத்து மூலையில் நான்கு கையெழுத்தில் நான்கு இனிஷியல். வாடகை நூலகத்துப் பழக்கம் அது. படித்த புத்தகத்தையே தெரியாமல் மறுபடி எடுத்து வந்துவிடக் கூடாதே என்று போட்டுவைப்பது. நடுவில், கதாநாயகன் ஆத்திரத்தில் கதாநாயகியைச் சொல்லால் சுடும் இடத்தில், யாரோ பென்சிலால் எழுதியிருக்கிறார்கள்: ‘இவன் வேண்டாம்டி.’ அதற்குக் கீழே வேறொரு கை: ‘கடைசில திருந்திடுவான், பொறு.’

இந்த வீட்டு மகள் வேலைக்குப் போகிறவள். பஸ்ஸில் அவள் போனில் படிப்பது ஜப்பானியக் காதல் மங்கா. பள்ளிப் பிள்ளைகளுக்கான வகை அல்ல. வேலை, சம்பளம், கல்யாணம், பிரிவு எல்லாம் கண்ட பெண்களுக்கான ‘ஜோசெய்’ வகை. அந்தச் சொல்லுக்கே பெண் என்றுதான் பொருள். ஜப்பானில் 1980ஐ ஒட்டி இதற்கென்றே தனி இதழ்கள் கிளம்பின. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மகள் போனை அம்மாவிடம் நீட்டுகிறாள். அம்மா பழக்கதோஷத்தில் இடமிருந்து பார்க்க, “வலப்பக்கத்துலேர்ந்து பாரும்மா” என்று திருத்துகிறாள். நாலு கட்டம் பார்த்ததும் அம்மாவுக்குக் கதை பிடிபட்டுவிடுகிறது. “இவன் ஏன்டி மனசுல இருக்கறத வாயத் தொறந்து சொல்ல மாட்டேங்கறான்?”

இத்தகைய வாசிப்பைப் பற்றி நம் வீடுகளில் காலங்காலமாக ஒரு முணுமுணுப்பு உண்டு. கதைப் புத்தகத்தோடு உட்கார்ந்த பெண்ணைப் பார்த்து, ‘அந்த நேரத்துல சுந்தரகாண்டம் படிக்கலாமே’ என்று சொல்லாத பெரியவர்கள் குறைவு. வெறும் நேர விரயம் என்ற புகார் அல்ல அது. அதற்குள் ஒரு சமயக் கேள்வி இருக்கிறது. இல்லாத ஒருவன்மேல் ஆசையைக் கிளப்பும் எழுத்து மனத்தை அழுக்காக்குமா? அடுத்தவள் துயரத்துக்குக் கண்ணீர் விடப் பழக்குவதால் அதைப் பண்படுத்துமா?

மங்கா பிறந்த நாட்டிலேயே இந்தக் கேள்வி ஆயிரம் வருஷப் பழசு. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முரசாகி ஷிகிபு என்ற அரண்மனைப் பெண் ‘கெஞ்சி’யின் கதையை எழுதினார். சில பத்தாண்டுகள் கழித்து இன்னொரு பெண் ‘சரஷினா’ நினைவுக்குறிப்பில் தன் இளமையைச் சொல்கிறார். கெஞ்சி கதை முழுவதும் அவருக்குக் கிடைத்தது உறவுக்காரப் பெண்மணி ஒருவர் கையால். திரை மறைவில் படுத்து, விளக்கை அருகே இழுத்து வைத்துக்கொண்டு இரவு பகலாகப் படித்தார். கனவில் ஒரு பிக்கு வந்து, பௌத்த மறைநூலான தாமரைச் சூத்திரத்தின் ஐந்தாம் சுருளைச் சீக்கிரம் படி என்றார். அவர் படிக்கவில்லை; கனவை யாரிடமும் சொல்லவும் இல்லை. அந்த ஐந்தாம் சுருளில்தான் நாகராஜன் மகளான சிறுமி புத்தநிலை அடையும் கதை வருகிறது. நம் வீட்டுச் சுந்தரகாண்ட அறிவுரைக்கு அக்காள் முறை இந்தக் கனவு!

அதோடு விடவில்லை. பொய்க் கதையால் ஆசையை வளர்த்த பாவத்துக்கு முரசாகி நரகத்தில் கிடக்கிறார் என்று பிற்காலத்தார் நம்பினார்கள். 12ஆம் நூற்றாண்டில் அவருக்காகத் தாமரைச் சூத்திரத்தைப் பிரதியெடுத்துச் சடங்கு செய்தார்கள். எழுதியவருக்கு மட்டுமல்ல, ரசித்துப் படித்தவர்களுக்கும் சேர்த்தே அந்தப் பரிகாரம். பிறகு வந்த, ‘நோ’ என்ற ஜப்பானிய மரபு நாடகம் ஒன்றோ கதையைத் தலைகீழாக்கியது: முரசாகி வேறு யாருமில்லை, கருணையின் வடிவான கன்னோன் போதிசத்துவரே அவர் உருவில் வந்து எழுதினார் என்றது. ஒரே பெண், ஒரே புத்தகம். ஒரு கூட்டம் அவரை நரகத்தில் தள்ளியது, இன்னொன்று கோயிலில் வைத்தது.

அரியமங்கலத்திலிருந்து காவிரியைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். இங்கே பெண்ணின் காதல் பேச்சுக்கு யாரும் பரிகாரம் தேடவில்லை, பாசுரமாக்கி ஓதினார்கள். ஆண்டாளின் நாச்சியார் திருமொழி 143 பாசுரம். அதில் ஒரு பதிகம் முழுக்க அரங்கன்மேல் புகார்: என் கைவளையைக் கழல வைத்துவிட்டான் என்று ஊர்ப் பெண்களைக் கூப்பிட்டு முறையிடுவது. திருப்பாவை முப்பதில் பத்துப் பாட்டு தோழிகளை எழுப்புவதற்கே போய்விடுகிறது. ஒருத்தி உள்ளேயிருந்து பதில் பேச, வெளியே நிற்பவர்கள் திருப்பிக் கேட்க, வீட்டு வாசலிலேயே ஒரு சின்னச் சண்டை நடக்கிறது. காதலனைப் பார்க்கப் போகிறவள் ஏன் இத்தனை பேரைச் சேர்த்துக்கொண்டு போக வேண்டும்? தனியே துய்க்கிற அனுபவம் குறைப்பட்டது என்பது வைணவப் பெரியோர்களின் முடிவு. அதனால்தான் அங்கே ‘கோஷ்டி’ என்ற சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு.

13ஆம் நூற்றாண்டில் நம்பிள்ளை ஸ்ரீரங்கத்தில் திருவாய்மொழிக்குப் பொருள் சொன்னபோது கூடிய கூட்டத்தை, பெருமாள் புறப்பாட்டுக் கூட்டத்தோடு ஒப்பிட்டு வியந்தார்களாம். அந்தத் திருவாய்மொழியில் நம்மாழ்வார் தலைவியாகவும் தாயாகவும் தோழியாகவும் மாறி மாறிப் பேசுகிறார். அறிவு தெளிந்திருக்கும்போது தானாகப் பேசுகிற ஆழ்வார், அன்பு பொங்கும்போது பெண்ணாகப் பேசுகிறார் என்று ஆசார்ய ஹிருதயம் என்ற வைணவ நூல் விளக்கும். ஆண்களே பெரும்பாலும் நடத்திய ஒரு மரபு, அன்பின் உச்சிக்குப் பெண் குரலைத்தான் தேர்ந்தது. சாதாரண விஷயமல்ல இது.

உடனே ஒரு மறுப்பு எழும்: அங்கே நாயகன் பரம்பொருள், இங்கே நாவலில் வரும் எஸ்டேட் முதலாளி. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதா? வைக்க முடியாதுதான். உரையாசிரியர்களும் இது வெறும் சிருங்காரம் அல்ல, உயிரின் ஏக்கம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஆனால் அந்த ஏக்கத்தைச் சொல்ல அவர்களுக்குக் கிடைத்த மொழி, வளை கழல்வதும் உறக்கம் போவதும் தோழியிடம் அழுவதும்தான். வீட்டுப் பெண்களின் காதல் அழுக்கென்றால், அந்தச் சொற்களைக் கருவறைவரை கொண்டுபோயிருக்க மாட்டார்கள்.

நாயகன் யார் என்பதைவிட, நாயகிக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதே சரியான உரைகல். இதற்கு ஸ்ரீரங்கத்தில் வருஷந்தோறும் நடக்கும் உற்சவமே சாட்சி. பங்குனி ஆயில்யத்தன்று அரங்கனின் உற்சவமூர்த்தியான நம்பெருமாள் உறையூர் போய்ச் சோழன் மகள் கமலவல்லியோடு சேர்ந்திருந்து சேர்த்தி சேவை தருகிறார். உத்திரத்தன்று தாயார் சன்னதிக்கு வரும்போது ரங்கநாச்சியார் கதவைச் சாத்திவிடுகிறார். மட்டையடி என்று ஊர் சொல்லும் பிரணய கலகம் இதுதான். பெருமாள் தரப்புக்கு ஒருவர், தாயார் தரப்புக்கு ஒருவர் என்று வாதம் வாசிக்கப்படும். கண் ஏன் சிவந்திருக்கிறது, மேனியில் ஏன் கீறல் என்று தாயார் தரப்பு கேட்கும். கணையாழி தொலைந்துபோயிற்று, குதிரை ஏறித் தேடினேன் என்று பெருமாள் தரப்பு சமாதானம் சொல்லும். கேட்டு நிற்கும் பெண்களில் பெருமாள் கட்சி யாருமில்லை. கடைசியில் நம்மாழ்வார் வந்து சமரசம் செய்தபின்தான் கதவு திறக்கும். அதற்கடுத்த சேர்த்தியின் முன்னால் நின்றுதான் ராமானுஜர் கத்யத்ரயம் அருளினார் என்பது மரபு. ஆக, சரணாகதியின் பெரிய உரைநடை பிறந்ததே ஒரு ஊடல் தீர்ந்த நாளில்.

இந்த உரைகல்லில் நம் குடும்ப நாவல்களை உரசிப் பார்க்க வேண்டும். இதே மாவட்டத்துத் தொட்டியத்தில் பிறந்த டாக்டர் திரிபுரசுந்தரி ‘லட்சுமி’ என்ற பெயரில் எழுதி, ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்கு 1984இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றார். படித்து, வேலை பார்த்து, தன் காலில் நிற்கும் பெண்களை இரண்டு தலைமுறை வாசகிகள் அவர் எழுத்தில் கண்டார்கள். ரமணிசந்திரன் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதி அவருக்குப் பின் வந்த தலைமுறையைக் கட்டிப்போட்டார். 2008இல் சென்னை பிளாஃப்ட் பதிப்பகம் தமிழ் ஜனரஞ்சகக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்தபோது அவர் இல்லாமல் தொகுக்க முடியவில்லை. அவர் கதைகளில் அன்பு பொய்யில்லை, ஏக்கம் பொய்யில்லை. ஆனால் சந்தேகப்பட்டு, அவமானப்படுத்திய பணக்கார நாயகனை நாயகி பொறுத்துப் பொறுத்தே வெல்கிற சட்டகம் திரும்பத் திரும்ப வருகிறது. ரங்கநாச்சியாருக்குக் கிடைத்த கதவு அந்த நாயகிகளுக்குப் பல நேரம் கிடைப்பதில்லை. அந்த இடத்தில்தான் இந்தப் புத்தகங்கள் நம் பக்தி மரபைவிடப் பின்தங்கிவிடுகின்றன.

கதவு இல்லாத குறையை வாசகிகள்தான் தீர்க்கிறார்கள். ஒரு பிரதி நாலு வீடு போகும்போது நாலு பேர் நாயகனை விசாரிக்கிறார்கள். மகளின் மங்காவுக்கும் அதே விசாரணை உண்டு. வாய் திறக்காத ஆளை, “கூச்சம்மா அவனுக்கு” என்று மகள் தாங்கிப் பேச, “கூச்சம்னா அவ தனியா அழணுமா?” என்று அம்மா மடக்குகிறார்.

காலண்டர் அட்டைப் புத்தகத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் படித்து முடித்தாள். முதல் பக்கத்தில் ஐந்தாவது இனிஷியல் ஏறியது. நடுப்பக்கத்தில், ‘கடைசில திருந்திடுவான், பொறு’ என்ற பென்சில் வரிக்குக் கீழே அவளும் ஒன்று கேட்டு எழுதினாள்: ‘எத்தனாவது பக்கத்துல?’ மறுநாள் ஜாக்கெட் வாங்க வந்த எதிர்வீட்டு அக்காவின் பையில், தைத்த துணியோடு புத்தகமும் போயிற்று.