கணக்கில் வராத துவைப்பு

வாஷிங் மெஷின் நின்றுபோனால் வீட்டில் இரண்டு தொகைகள் பேசப்படும்: மெக்கானிக் கேட்பது, புதியதன் மாதத் தவணை. உதிரிபாகம் வரும்வரை யார் துவைப்பது என்று யாரும் கேட்பதில்லை.

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வரும் பெண்ணுக்கு அதன் விடை தெரியும். போர் தண்ணீரின் உப்பில் சோப்பு நுரைக்காது. ஆயில் கறை படிந்த சீருடையை இன்னும் அழுத்திக் கசக்க வேண்டும். 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88. மெஷின் பழுதானால் கூடும் நிமிடங்கள் எந்தப் பக்கம் சேரும்?

பழையதைப் பழுதுபார்த்து வைத்துக்கொள்வதே அறம் என்கிறோம். ஒன்றிய அரசும் 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. மின்னணுக் குப்பை குறைய வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் பூமியைக் காக்கும் பாரம் ஒருத்தியின் முதுகில் மட்டும் ஏறினால், அதற்குப் பெயர் அவள் உழைப்பில் மிச்சம் பிடிப்பது. "இன்னொரு முறை சரிபண்ணிப் பார்க்கலாம்" என்கிறவர், அதுவரைக்குமான துவைப்பில் தன் பங்கை முதலில் ஏற்கட்டும். பழுதா, புதிதா என்று பிறகு சேர்ந்து பேசலாம்.