பிரித்துப் படிக்கப்பட்ட கடிதங்கள்

முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போன இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களை இரவுகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கிறேன். இரண்டு மூன்று படித்ததும் புத்தகத்தை மூடிவைக்கத் தோன்றுகிறது.

1914 இலையுதிர்காலத்தில் மார்செய் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். லாகூர், மீரட் டிவிஷன்கள். பலர் உடம்பில் வெயில் நாட்டுக்கென்று தைத்த மெல்லிய காக்கி. சில வாரங்களில் ஃப்ளாண்டர்ஸ் சேற்றில், பதுங்குகுழியில் நின்றார்கள். குளிர்காலம் வந்தது. போர் சீக்கிரம் முடிந்துவிடும் என்று அதுவரை நம்பியவர்களும் அதன்பின் நம்பியிருக்க மாட்டார்கள்.

*

பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒருவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதினார். ஊரில் அதை வாசித்துக்காட்டவும் ஓர் ஆள் வேண்டும். நம் ஊரிலும் கடுதாசி ரொம்ப காலம் இப்படித்தான் போய் வந்தது. ‘நலம், நலமறிய அவா’ என்ற வரியை வெறும் சம்பிரதாயம் என்று கேலி செய்வோம். நாலு பேர் காதுபடச் சொல்லக்கூடிய அந்தரங்கம் அவ்வளவுதான் என்பதை இந்தக் கடிதங்களைப் படிக்கும்போது உணர்கிறேன்.

*

இடையில் இன்னொரு வாசகர் இருந்தார். ஈவ்லின் ஹவல், சிப்பாய்களின் கடிதங்களைத் தணிக்கை செய்த ஐ.சி.எஸ். அதிகாரி. ஆங்கில ஆட்சியை எதிர்த்த கதர் கட்சிக்காரர்களின் பிரசுரங்கள் சிப்பாய்களிடம் வந்துவிடுமோ என்ற பயத்தில் பிறந்தது அந்தத் தணிக்கை அலுவலகம். பூலோன் நகரில் உட்கார்ந்து உருது, குர்முகி, இந்தி என்று வந்த கடிதங்களைப் பிரித்துப் படித்து, சிலவற்றிலிருந்து பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து, வாராவாரம் அறிக்கையோடு மேலே அனுப்பினார்கள். கடிதங்களில் பெரும்பாலானவற்றைத் தடுக்காமல் ஊருக்குப் போகவிட்டார்கள்.

ஊருக்குப் போனவை அநேகமாகத் தொலைந்துவிட்டன. இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருப்பது அந்த அறிக்கைகளோடு இணைத்த பகுதிகள்தாம். சந்தேகப்பட்டுப் பிரித்தவர்களுக்கு நன்றி சொல்லவேண்டியிருக்கிறது, எனக்கு மனசில்லை. அவர்கள் தங்களுக்கு வேண்டியதைத்தானே பெயர்த்துவைத்தார்கள்? ‘பணம் வந்து சேர்ந்ததா, மழை உண்டா’ என்று மட்டும் கேட்டு முடித்த கடிதங்கள் எத்தனையோ போயிருக்கும். அறிக்கையில் சேர்க்க அவற்றில் என்ன இருக்கிறது?

*

யாரோ படிக்கிறார்கள் என்று தெரிந்ததும் சிப்பாய்கள் சங்கேதமாக எழுதப் பழகினார்கள். கறுப்பு மிளகு தீர்ந்துகொண்டே வருகிறது, சிவப்பு மிளகு நிறைய இருக்கிறது என்று ஒருவர் எழுதுவார். கறுப்பு என்றால் இந்தியர், சிவப்பு என்றால் வெள்ளைக்காரர். தணிக்கைக்காரர்களுக்கு இது புரியாமல் இல்லை. எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்த மிளகைத்தான். எனக்கு அதில் அவ்வளவு வியப்பில்லை.

எதையும் மறைக்காத கடிதங்களிடம்தான் நின்றுவிடுகிறேன். 1915 மார்ச் 10 முதல் 13 வரை பிரான்சின் நியூவ் ஷாப்பலில் சண்டை. காயம்பட்டவர்களில் பலரை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். பிரைட்டனில், பழைய அரச மாளிகையின் குவிமாடங்களுக்குக் கீழே கட்டில்கள் போட்டிருந்தார்கள். அங்கிருந்து போன கடிதங்களில் ஒரு குறை திரும்பத் திரும்ப வருகிறது: காயம் ஆறியதும் மறுபடி போர்முனைக்கே அனுப்புகிறார்கள். குணமானால் ஆபத்து. கை காலைப் பார்த்துக்கொண்டே ஆறுகிறதே என்று கவலைப்பட்டிருப்பார்கள்.

*

காலாட்படை 1915 கடைசியில் மெசபடோமியாவுக்குப் போய்விட்டது. குதிரைப்படை 1918 வரை பிரான்சில் இருந்தது, கடிதங்களும் தொடர்ந்தன. அவற்றில் போர் குறைகிறது, ஊர் கூடுகிறது. தங்கிய வீட்டின் பிரெஞ்சுக் கிழவி தாய்போல் பார்த்துக்கொள்கிறாள் என்று ஒருவர் நெகிழ்கிறார். பெண் பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று சிலர் வற்புறுத்துகிறார்கள். அங்கே பெண்கள் வயலையும் கடையையும் தாங்களே பார்த்துக்கொள்வதைக் கண்ட வியப்பு.

அப்படி வற்புறுத்தியதற்கு எனக்கு இன்னொரு காரணமும் தோன்றுகிறது. கடிதங்களில் இல்லை, என் ஊகம்தான். கடிதம் பெரும்பாலும் அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ போனது. மனைவிக்கே எழுதினாலும் பக்கத்து வீட்டுக்காரர் வாயால்தான் அவள் கேட்கவேண்டும். தணிக்கையை அவர்களால் ஒன்றும் செய்யமுடியாது. பக்கத்து வீட்டுக்காரரையாவது விலக்கலாமே என்று எண்ணியிருக்கலாம்.