சாய்வைத் தேடும் கணக்கு

அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசலில் மானாவாரி வெள்ளாமை செய்பவருக்குச் சராசரி மழைக் கணக்கு உதவாது. நாலு வருஷம் சற்றே குறைந்து ஐந்தாம் வருஷம் கண்மாய் உடையப் பெய்தாலும், வருஷாவருஷம் அளவாகப் பெய்தாலும் சராசரி ஒன்றாகவே வரலாம். சராசரிக்கு எந்தப் பக்கம் சாய்ந்து பெய்கிறது என்பதே பருத்தியின் விதி.

பிரபஞ்சத்தின் பிறப்பை ஆராய்பவர்களும் சாய்வைத்தான் தேடுகிறார்கள். பெருவெடிப்புக்குச் சுமார் 3,80,000 ஆண்டுகளுக்குப் பின் புறப்பட்ட ஒளி, இன்று 2.7 கெல்வினுக்குக் குளிர்ந்த நுண்ணலையாக எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது. அதன் வெப்பநிலை இடத்துக்கு இடம் லட்சத்தில் ஒரு பங்கு அளவே மாறுகிறது. அந்த ஏற்ற இறக்கம் இருபுறமும் ஒத்த மணிவடிவில் பரவியிருக்கிறதா, ஒருபுறம் சாய்கிறதா? இரண்டிரண்டு புள்ளிகளை ஒப்பிட்டால் இது தெரியாது. மும்மூன்றாகச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். சாய்வு தெரிந்தால், தொடக்கக் கணத்தின் அதிவேக விரிவை நடத்தியது வெளியெங்கும் பரவிய ஒரே ஆற்றல் புலமா, பலவா என்று துப்புக் கிடைக்கும்.

எந்தக் கொள்கை எவ்வளவு சாய்வைத் தரும் என்று முன்கூட்டியே கணக்கிட்டால்தான் அளவீட்டுக்குப் பொருள் உண்டு. தீரஜ் ஹஸ்ரா, ஜெரோம் மார்ட்டின், சென்னை ஐஐடியின் எல். ஸ்ரீராம்குமார் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ‘பிங்கோ’ கணினி நிரல், ஒற்றைப் புல மாதிரிகளுக்கு அந்தக் கணக்கைப் போடுகிறது.

அந்த நுண்ணலையை அளக்க 2009இல் ஏவப்பட்ட பிளாங்க் விண்கலத்தின் இறுதித் தரவு, இந்தச் சாய்வின் முக்கிய வகை ஒன்றை அளந்தது. விடை −0.9, பிழை எல்லை 5.1. சுழியும் அதற்குள் அடக்கம். ஆனால், எளிய ஒற்றைப் புலக் கொள்கை எதிர்பார்ப்பதோ 0.01 என்ற அளவுதான். நம் கருவியின் பிழை அதைவிடப் பல நூறு மடங்கு பெரிது.

ஆகவே சாய்வே கிடையாது என்று பிளாங்க் சொல்லவில்லை. இருந்தால் பெரும்பாலும் இந்த எல்லைக்குள்தான் இருக்கும் என்றது. அந்த எல்லையே பெரிய சாய்வைக் கணித்த பல கொள்கைகளைக் களத்திலிருந்து விலக்கியது. ஆண்டுக்கணக்கில் உழைத்து, தேடியது அகப்படாமல் திரும்புவது தோல்வி அல்ல. எவ்வளவு நுட்பமாகத் தேடினோம் என்பதையும் சேர்த்துச் சொல்லும்போது, காணாததும் அறிவாகிறது. தன் பார்வையின் எல்லையை அளந்து சொல்பவரின் மறுப்பைத்தான் உலகம் நம்பலாம். அடுத்து வருபவர் தேடத் தொடங்க வேண்டிய இடமும் அந்த எல்லைதான்.